சாமியின் இடது கால்

புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸிங் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டுவிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அழுதுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்த பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். புரியாதவர்களுக்கு இந்தியில் சொல்லுங்கள்.

புண்ணைக் கழுவுவது, கட்டுப் போடுவது எல்லாம் சிஸ்டர் சொல்லித் தருவார். நான் எழுதுவது பயத்தைப் பற்றி. எந்தக் காலைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று இந்த டெல்லி ஜனக்புரி கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை என் வீட்டிலேயே மறந்தேன். ஐயப்பன் சாட்சியாக, இதில் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் வாசலில் அழுதுகொண்டு வருகிறவர்கள் அதிகம். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் வந்தார். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறதாம். பத்து அடி நடந்தால் குறைகிறதாம். கேன்சர் என்று முடிவு செய்து, வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல் ஒரு மாதம் தூங்காமல் இருந்திருக்கிறார். நம் டாக்டர் மேடம் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, குதிகாலில் இருக்கிற தசைநார் வீக்கம், மெத்தென்று செருப்புப் போடுங்கள், காலையில் எழுந்ததும் பாதத்தை நீட்டி மடக்குங்கள், சில வாரத்தில் குறையாவிட்டால் திரும்ப வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த டீச்சர் சிரித்துக்கொண்டே போனார். வலி அதிகம், ஆபத்து குறைவு. அப்படியும் கால் உண்டு.

அதே வாரம் ஒரு செக்யூரிட்டிக்காரர் வந்தார். வந்தது அவர் மனைவிக்காக, அந்த அம்மாவுக்குக் கையில் கட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. அவர் சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. சீழ் வாசனை வாசலிலேயே தெரிந்துவிடும். "அண்ணா, ஷூவைக் கழட்டுங்க" என்று இந்தியில் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்லை தீதி, தர்த் நஹி ஹை" என்று சிரித்தார். வலியே இல்லை என்கிறார். கழட்டினால் ஷூவுக்குள் ஒரு ஆணி. அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளங்காலுக்குள் போயிருக்கிறது. மூன்று நாளாக அதன் மேலேயே நின்று கேட் திறந்திருக்கிறார். சர்க்கரை வியாதி கால் நரம்பைத் தின்றுவிட்டது. ஆணியைப் பார்த்து அந்த மனிதர், "இது என் காலா?" என்று கேட்டார்.

அன்று டாக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அவர் என் மகளைவிட ரெண்டு வயது சின்னவர், ஆனால் எனக்கு அவர் சொல்தான் வேதம். "சரோஜா தீதி, வலிக்குதான்னு கேட்டுட்டு விட்டுடாதீங்க. செருப்பைக் கழட்டச் சொல்லுங்க. உங்க புறங்கையால ரெண்டு காலையும் ஒரே நேரத்துல தொட்டுப் பாருங்க. ஒண்ணு சூடு, ஒண்ணு ஜில்லுன்னு இருந்தா, வலி இருக்கோ இல்லையோ, அன்னைக்கே என்கிட்டே அனுப்புங்க." அதற்கப்புறம் எத்தனை காலைத் தொட்டிருப்பேன் என்று கணக்கில்லை. என் கை ஒரு தெர்மாமீட்டர் மாதிரி ஆகிவிட்டது என்று சிஸ்டர் கேலி செய்வார்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன கார்த்திகையில் நடந்தது.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். துவாரகாவில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் சூப்பர்வைசர். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போடுகிறவர்தான், ஆனால் போடாத நாளும் உண்டு. பதினேழு வருஷம் விடாமல் மாலை போட்டுச் சபரிமலை போனவர். போன வருஷம் பதினெட்டாவது. பதினெட்டாம் வருஷம் மலை ஏறுகிற சாமி ஒரு தென்னங்கன்று எடுத்துப்போய் அங்கே நட வேண்டும். அதற்கப்புறம் அவரையும் குருசாமி என்று கூப்பிடுவார்கள். அந்தக் கன்றை ஊரிலிருந்து வரவழைத்து, பால்கனியில் வைத்து, டெல்லிக் குளிரில் கருகிவிடக் கூடாது என்று சாக்குப் போர்த்தி வளர்த்தோம்.

அதோடு ஒரு வேண்டுதலும் இருந்தது. என் மகள் கவிதாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வயிற்றில் குழந்தை தங்கியது. அதற்கு முன்னால் ரெண்டு தடவை தங்காமல் போய்விட்டது. "இந்தப் பிள்ளை நல்லபடியா பொறக்கணும், பதினெட்டாம் மலையை ஒரு குறையும் இல்லாம முடிக்கிறேன்" என்று இவர் மாலை போடும்போதே கும்பிட்டுச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்புக்கு வேர் இங்கேதான்.

மாலை போட்டால் செருப்பு இல்லை. டெல்லியில் கார்த்திகை, மார்கழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளியல். அப்புறம் வெறுங்காலோடு மெட்ரோ ஏறி துவாரகா போய்விட்டு வருவார். வீட்டில் அவரை நான் பேர் சொல்லியோ, "ஏங்க" என்றோ கூப்பிடுவதில்லை. சாமி என்றுதான். தனிப் பாய், தனித் தட்டு. வேறு நாளில் என்றால் காலை அமுக்கிவிடு என்பார், நகம் வெட்டிவிடு என்பார். மாலை போட்டபின் அதெல்லாம் கிடையாது. காலையில் அவர் பூஜை முடித்து எழுந்ததும் நான் விழுந்து காலைத் தொட்டுக் கும்பிடுவேன். அந்த ஒரு நிமிஷம்தான் அந்தக் கால் என் கைக்கு வரும்.

அதற்கு முந்தின கோடையிலேயே ஒரு அடையாளம் வந்தது. ஒருநாள் இவர் ஒத்தைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். இடது செருப்பு வழியில் எங்கேயோ கழண்டு விழுந்திருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை.

"ஏங்க, இன்னொண்ணு எங்கே? மெட்ரோவுக்குக் காணிக்கை போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அது முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கும்னு பாத்தேன், வரலையா?" என்றார்.

கவிதாவுக்கு போன் போட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். செருப்புக் கழண்டது காலுக்குத் தெரியவில்லை என்று எவளாவது ஒரு பெண் நம் கிளினிக்கில் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? அன்றைக்கே கணவரை இழுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருப்பேன். வீட்டில் நடந்ததால் அது எனக்கு ஜோக்.

ரயில் ஏறுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலையில், வழக்கம்போல விழுந்து கும்பிட்டேன். ரெண்டு கையும் ரெண்டு பாதத்தில். வலது கால் பனிக்கட்டி. இடது கால் கதகதவென்று இருந்தது.

என் கைக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளைகளே. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். பட்டையாக விபூதி, கழுத்தில் மாலை, கண் மூடி சரணம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

"சாமி, இடது காலுல ஏதாவது..." என்று ஆரம்பித்தேன்.

"ஹீட்டர் பக்கத்துல உக்காந்து ஜபம் பண்ணேன். அந்தப் பக்கம் சூடா இருக்கும்" என்றார்.

"வலி ஏதும் இருக்கா?"

"துளிகூட இல்லை. இந்த வருஷம் கால்ல ஒரு கல்லு குத்தினதுகூடத் தெரியல. அவன் பாத்துக்குறான்."

அந்தப் பதிலைக் கேட்டதுமே நான் பாதத்தைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் மனசு என்ன சொன்னது தெரியுமா? உண்மைதான், பதினெட்டாம் வருஷம், ஐயப்பனே தாங்குகிறான் என்றது. அதற்கு அடியில் இன்னொரு பயம் கிடந்தது. இப்போது நான் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, ஏதாவது இருந்து, டாக்டர் செருப்புப் போடச் சொல்லி, மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வேண்டுதல் பாதியில் நின்றால்? கவிதாவுக்கு எட்டாம் மாதம். போன ரெண்டு தடவையும் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது என் கண் முன்னால் வந்து நின்றது. நான் எழுந்தேன். புடவையைச் சரி செய்துகொண்டு சமையலுக்குப் போய்விட்டேன்.

அன்று கிளினிக்கில் எத்தனை பேர் காலைத் தொட்டுப் பார்த்தேன், தெரியுமா. எல்லாரிடமும் செருப்பைக் கழட்டுங்க, கழட்டுங்க என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பூஜைப் பாயில், அவர் இடது கால் வைக்கிற இடத்தில், ஒரு மஞ்சள் ஈரம் இருந்தது. சந்தனம் சிந்தியிருக்கிறது என்று துடைத்தேன். சந்தனம் அப்படி ஒட்டாது. சனிக்கிழமை குளித்துவிட்டு வந்தவருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. குளிர் என்றார். ரெண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. விரதம் என்றார். என்னுடைய மூக்கு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். வீடு முழுக்கச் சாம்பிராணி, கற்பூரம், பன்னீர். அதற்குள் அந்த வாசனை ஒளிந்துகொண்டது. இல்லை, அப்படிச் சொன்னால் சாம்பிராணி மேல் பழி போடுவது ஆகும். நான் முகர்ந்து பார்க்கவில்லை, அதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் பூஜை. குருசாமியும் பதினோரு சாமிகளும் வந்தார்கள். குருசாமி ஒரு பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சில் கறார். வீட்டுக்கு வருகிற சாமிகளுக்குக் காலைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். எல்லாருக்கும் கழுவிவிட்டேன். கடைசியில் குருசாமி சொன்னார்.

"பதினெட்டாம் சாமிக்கு வீட்டம்மா பாத பூஜை பண்ணணும். சாமியை மணையில உக்கார வையுங்க."

இவரை உட்காரவைத்தார்கள். தாம்பாளத்தில் காலை வைத்தார். உடம்பு லேசாக ஆடிற்று. முகம் வெளுத்துப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், சின்ன வீடு, சுவரே அதிர்ந்தது. வலது காலில் மஞ்சள் தண்ணீர் விட்டேன், துடைத்தேன், பொட்டு வைத்தேன். இடது காலில் தண்ணீர் விட்டேன். தாம்பாளத்தில் வடிந்த தண்ணீர் வேறு நிறத்தில் இருந்தது.

மெதுவாகக் காலைத் தூக்கினேன்.

"காலைத் திருப்பாதே" என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்போதே புரிந்துவிட்டது, இவருக்குத் தெரியும்.

திருப்பினேன். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவு ஒரு குழி. சுற்றிலும் வெள்ளையாக ஊறிய தோல். குழிக்குள் விபூதியும் மஞ்சளும் அடைத்து வைத்திருக்கிறார். சுண்டுவிரல் நாவல்பழ நிறம். பாதத்துக்கு மேலே செக்கச்செவேலென்று ஒரு சிவப்பு, கணுக்கால் வரை ஏறி நிற்கிறது. இப்போது வாசனை வந்தது. கற்பூரத்தைத் தாண்டி வந்தது.

எல்லாரும் உரக்கச் சரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் அந்தக் காலைக் கீழே வைத்துவிட்டுப் பொட்டு வைத்திருக்கலாம். பூஜை முடிய இன்னும் அரை மணி நேரம், அப்புறம் சாப்பாடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். அப்படியும் ஒரு நொடி நினைத்தேன். கால் என் கைக்குள் கொதித்தது.

"சாமி, பூஜையை நிறுத்துங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் கத்தினேன். "நிறுத்துங்க!"

சத்தம் பட்டென்று நின்றது. குருசாமி என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? நடு பூஜையில?"

"இவருக்குக் கால் அழுகிட்டு இருக்கு சாமி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஒண்ணுமில்லை குருசாமி," என்றார் இவர். நாக்கு குழறியது. "சின்னக் கொப்புளம். ஹீட்டர்ல பட்டது. வலியே இல்லை. இவ காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் புண்ணையே பாக்குறவ. எதைப் பாத்தாலும் இவளுக்குப் புண்ணுதான்."

யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார். "பொம்பளைங்க பயந்த சுபாவம் சாமி. ஆரத்தியை முடிச்சிட்டுப் போகட்டும், ரெண்டு நிமிஷம்" என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ரெண்டு நிமிஷத்தைத்தானே வியாழக்கிழமையிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, குருசாமி குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் கற்பூரத் தட்டு வைத்திருந்தவரைப் பார்த்து, "அதை அணைங்க. யார்கிட்டே வண்டி இருக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, நம் கிளினிக் கிடையாது. டாக்டர் மேடத்துக்கு போன் போட்டேன். அவர் சின்னச் சின்னதாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? உண்டு. சிவப்பு எதுவரை? கணுக்கால். பேச்சு தெளிவா? இல்லை. "தீதி, ஒரு பேனா எடுங்க. சிவப்பு முடியுற இடத்துல சுத்திக் கோடு போடுங்க. மணியையும் எழுதுங்க. நாளைக்குக் காலை ஓபிடி எல்லாம் வேண்டாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. ஜல்தி. நடக்க விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க."

கோடு போட்டேன். 10.50 என்று எழுதினேன். நாலு சாமிகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். மாலை, கறுப்பு வேட்டி, வெறுங்கால். தெருவில் போகிறவர்கள் ஏதோ ஊர்வலம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

எமர்ஜென்சியில் கூட்டம். எங்கள் முறை வராமலே பதினோரு மணி தாண்டி, பன்னிரண்டாகிவிட்டது. நான் அந்தப் பேனாக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை. முதலில் சிவப்பு கோட்டுக்குள் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டின் மேல் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு விரல் அகலம் தாண்டி, கெண்டைக்கால் பக்கம் ஏறிவிட்டது. என் கண் முன்னால் ஏறியது. என் ஆயுசில் அப்படி எதற்கும் பயந்ததில்லை. சரணம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தவள், அதை விட்டுவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடித் தடுப்பைத் தட்டி, "மேடம், கோட்டைத் தாண்டிடுச்சு, கோட்டைத் தாண்டிடுச்சு" என்று தமிழிலேயே கத்தினேன். அந்த நர்ஸ் பிள்ளை நம் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை போல, கழுத்தில் சிலுவைச் செயின். ஓடி வந்து கோட்டைப் பார்த்தாள். மறுபேச்சு இல்லாமல் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினாள். அந்தக் கோடுதான் எங்களுக்கு முறை வாங்கித் தந்தது.

சர்ஜன் பார்த்துவிட்டுச் சொன்னார். உடனே திறந்து சீழை எடுக்க வேண்டும். ரெண்டு விரல் போகும். காலைப் பற்றி மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும். தாமதித்தால் காலைப் பற்றிப் பேசவே வேண்டாம், உயிரைப் பற்றித்தான் பேச வேண்டும். கையெழுத்துப் போடுங்கள், கழுத்தில் இருப்பதைக் கழட்டுங்கள்.

இவர் மாலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கழட்ட மாட்டேன். மலைக்குப் போய்ட்டு வந்து வெட்டுங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "சரோஜா, நீ சொல்லு. கவிதா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீ தாங்குவியா?"

அவர் கேட்டது நான் மூன்று நாளாக எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி.

அப்போது, போனில் விஷயம் கேட்டு, கவிதா வந்தாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க. அவள் டெல்லியில் பிறந்தவள், கோபம் வந்தால் பாதி இந்திதான் வரும்.

"பப்பா, பஸ்! போதும். என் பேபி மேல இதைப் போடாதீங்க. நாளைக்கு அது பெருசானதும் நான் என்ன சொல்லணும்? உன்னாலதான் தாத்தாவுக்குக் கால் போச்சுன்னா? உன்னாலதான் தாத்தாவே போயிட்டார்னா?"

"அப்படி இல்லைம்மா, வேண்டுதல்..."

"நான் வேண்டிக்கிட்டேனா? என்னைக் கேட்டீங்களா? எனக்குத் தென்னங்கன்னு வேண்டாம் பப்பா. நீங்க வேணும்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ப்ளீஸ், ஜல்தி பண்ணுங்க."

எங்கள் கூடவே வந்திருந்த குருசாமி பக்கத்தில் வந்தார். தன் தோள் துண்டை விரித்துக் கட்டிலில் வைத்தார். "சாமி, நீங்க கழட்ட வேண்டாம். நான் போட்டுவிட்ட மாலை, நானே வாங்கிக்கிறேன். என் இருமுடியோட மலைக்குக் கொண்டுபோறேன். குறைன்னு இருந்தா அது என் கணக்குல இருக்கட்டும்." சொல்லிக்கொண்டே இவர் விரலை ஒவ்வொன்றாக விலக்கி மாலையை எடுத்தார். இவர் என்னைப் பார்த்தார். "பத்து நாளா இருந்துச்சு. உன்கிட்டே சொன்னா நீ செருப்புப் போட வச்சிடுவேன்னு சொல்லல" என்றார். நான் வியாழக்கிழமையைப் பற்றி அப்போது சொல்லவில்லை. இவர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். உள்ளே கொண்டுபோனார்கள்.

மூன்று நாள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஆயிரம் கட்டுப் பிரித்தவள், என் வீட்டுக்காரர் கட்டைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவிதாவிடமிருந்து போன் வந்தால் எடுக்கப் பயந்தேன். ஒரு பக்கம் அவர் கால், ஒரு பக்கம் அவள் வயிறு. சாமி எதை எடுக்கும், எதைக் கொடுக்கும் என்று பைத்தியம் மாதிரி தராசு போட்டுக்கொண்டிருந்தேன். சாமி அப்படித் தராசு போடுகிறவர் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

நாலாம் நாள் சர்ஜன் கால் நிற்கும் என்றார். ரெண்டு விரலும் பாதத்தின் ஓரமும் போயிற்று. மிச்சம் இருக்கிறது. தை மாதம் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரெண்டரைக் கிலோ, நல்ல குரல்.

நான் வேலைக்குத் திரும்பி வந்த அன்று டாக்டர் மேடத்தின் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "எனக்கு வியாழக்கிழமையே தெரியும் மேடம். கை சொல்லிடுச்சு. நான்தான் பாக்கல." அவர், "வியாழக்கிழமை வந்திருந்தா விரல் நின்னிருக்குமான்னு எனக்குத் தெரியாது தீதி. உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லல. நிஜமாவே தெரியாது" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தெரியாததை நான் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யாராவது குதிகால் வலி என்று அழுதால் தைரியம் சொல்லுங்கள். ஆனால் கால் ஊன்ற முடியவில்லை என்றால், நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்றால், ஒரு கால் மட்டும் வீங்கினால், விரல் ஜில்லிட்டு நிறம் மாறினால் டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர் "தர்த் நஹி" என்று சிரித்தால் அவர் சிரிப்பை நம்பாதீர்கள், செருப்பைக் கழட்டுங்கள். சிவப்பு ஏறிக் காய்ச்சலும் இருந்தால் பூஜையோ, கல்யாணமோ, எது நடந்தாலும் நிறுத்துங்கள். மாலை போட்டவர் வந்தால் குருசாமியிடம் பேசச் சொல்லுங்கள். எங்கள் குருசாமி இந்த வருஷம் சர்க்கரை உள்ள சாமிகள் எல்லாரும் செருப்புப் போடலாம் என்று சொல்லிவிட்டார், போடாதவருக்கு அவர் மாலை போட்டுவிடுவதில்லை. உள்ளங்காலைப் பார்க்க ஒரு கண்ணாடி வாங்கச் சொல்லுங்கள். ஹீட்டர் பக்கம் கால் போக வேண்டாம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தவள் வீட்டில்தான் இது நடந்தது. கிளினிக்கில் அடுத்தவர் காலுக்குக் குனிகிற நாம், வீட்டில் நம் ஆட்களின் காலைப் பார்ப்பதில்லை.

தென்னங்கன்று பால்கனியில்தான் இருக்கிறது. டெல்லியில் அது காய்க்காது, இவர் யாருக்கும் கொடுக்கவும் விடுவதில்லை. இப்போதும் காலையில் பூஜை முடிந்ததும் இவர் நாற்காலியில் உட்காருவார், நான் தரையில் உட்காருவேன். மாலை கிடையாது, சாமி என்று கூப்பிடுவதும் கிடையாது. புறங்கையை ரெண்டு பாதத்திலும் வைப்பேன். வைப்பதற்கு முன்னால் ஒரு நொடி, தினமும், கை பின்வாங்கும். அந்தப் பயம் போகவில்லை, போக வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் பாதத்தைத் திருப்பி, கண்ணாடி பிடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன். பேத்தி பக்கத்தில் தவழ்ந்து வந்து, மிச்சம் இருக்கிற விரலைப் பிடித்து இழுப்பாள்.

"ஆச்சா உன் பூஜை?" என்று கேட்பார்.

"இருங்க, அவசரப்படாதீங்க. இன்னும் ஒரு கால் இருக்கு."